தகப்பன் பக்கம்

“தகப்பன்ர பேரைச் சொல்லுங்கோ, தங்கச்சி.”

றஊப் மறுபடியும் கேட்டார். பேனை முனை தாளைத் தொட்டபடி நின்றது. கிறேஸ் சுவரைப் பார்த்தாள். தன் தகப்பனின் பெயர் அவளுக்குத் தெரியாமல் இல்லை. இக்னேசியஸ். விடியப் பல் விளக்கப் போனவர் கிணற்றுக் கட்டோடு சாய்ந்து, சாய்ந்தபடியே போய்விட்டார். இப்போது வீட்டு முன்னறையில் வெள்ளைத் துணியின் கீழே கிடக்கிறார். றஊப் கேட்டது அவருடைய தகப்பனை.

ஊரெல்லாம் ‘நானா’, அண்ணன், என்று கூப்பிடுகிற றஊபின் கடையில் ஒரு தொலைபேசி, ஒரு போட்டோக்கொப்பி மெஷின், சுவரோடு ஒட்டி இரண்டு கதிரைகள். ஊரில் சாவு விழுந்தால் சனம் கோவிலுக்குப் போகுமுன் இங்கேதான் வரும். றேடியோ மரண அறிவித்தலைக் கொழும்புக்குச் சொல்லுவது றஊபின் தொழில். அதில் யார் யாருடைய பெயர் வரவேண்டும், யாருக்குப் பின் யார் வரவேண்டும் என்று சொல்லுவது இக்னேசியசின் வேலை. அதற்கு அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை; கொடுத்திருந்தால் கோபப்பட்டிருப்பார். துறைமுகத்தடித் தெருக்களில் எந்த வீட்டுக்கு எந்த வீடு சம்பந்தம், எந்தத் தமையனும் தம்பியும் கதை பேச்சில்லை, யாருடைய முதல் தாரத்துப் பிள்ளை மூதூரில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. “அந்தப் பிள்ளையை விட்டிட்டியள். நாளைக்கு அவன் செத்தவீட்டுக்கு வரமாட்டான், பிறகு உங்கட கலியாணவீட்டுக்கும் வரமாட்டான். போடுங்கோ” என்பார். அழுதுகொண்டு வந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு யோசிப்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று வைத்திருந்தார். தாய் தகப்பன் பெயர் இல்லாமல் அறிவித்தல் போகக்கூடாது. யாராவது தடுமாறினால், “ஏன், மரத்திலை காய்ச்சு விழுந்தவரோ?” என்று கேட்பார்.

“தாத்தான்ர பேர் தெரியும்” என்றாள் கிறேஸ். “வோல்ற்றர் பிக்னெல்.”

“அது எனக்கும் தெரியும். இந்த ஊரிலை கடலுக்குப் போற நாய்க்கும் தெரியும்.” றஊப் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “குறை நினைக்காதையுங்கோ. தாத்தா இருக்கிறார், நடுவிலை ஆளில்லை. அதுதான் கேட்கிறன்.”

இக்னேசியசுக்கு ஊர் வைத்த பெயர் ஹேஸ்ரிங்ஸ். இங்கிலாந்தில் கடலோரத்தில் இருக்கிற ஊர் அது. தன்னுடைய தாத்தா அந்த ஊர்க்காரர், பிரிட்டிஷ் நேவியின் பண்டகசாலைக்குப் பொறுப்பாகத் திருகோணமலைக்கு வந்தவர் என்று கேட்டவனுக்கும் சொல்லுவார், கேளாதவனுக்கும் சொல்லுவார். மேலோட்டமாகச் சொல்லுகிற ஆள் இல்லை. அந்த ஊரில் வள்ளங்களைக் கரைக்கு இழுத்துத்தான் வைக்கவேண்டும். கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். வலை நனையாமல் வைக்கக் கறுப்புப் பலகையில் கொட்டில்கள், ஒடுக்கமாய், உயரமாய், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். மலைமேல் இடிந்த கோட்டை. பிக்னெல் குடும்பத்தில் அல்பிரட் என்று ஒருவர் கடற்புகாருக்குள் வள்ளத்தோடு காணாமல் போனவர். மீன் புகை போடுகிற எலன் ஆச்சிக்கு வாய் சரியில்லை, மருமக்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. டச்சுக்குடாவில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு இவ்வளவும் பாடம். “எலன் ஆச்சி என்னவாம், ஐயா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். இக்னேசியசும் சேர்ந்து சிரிப்பார். ஆள் அட்டைக் கறுப்பு.

சிரிப்பு அவருக்கு ஒட்டவில்லை. கிறேசுக்கு ஒட்டியது. கொன்வென்ரில் அவளை வெள்ளைக்காரி என்று கூப்பிட்டார்கள். பிறகு கலியாணம் பேசி வந்தவர்கள் தகப்பன் பக்கத்தைக் கேட்டார்கள். இக்னேசியஸ் ஹேஸ்ரிங்சில் தொடங்கி எலன் ஆச்சியில் முடித்தார். அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அப்படி இரண்டு முறை நடந்தது. அதற்குப் பிறகு அவள் கலியாணக் கதையை விட்டுவிட்டாள். கூட்டுறவுக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். வயது முப்பத்தைந்து.

உயிரோடு இருக்கும்போது சிரித்தார்கள், போகட்டும். செத்த மனுசனை வைத்துச் சிரிக்கவிடக்கூடாது. அவளுக்கு இப்போது வேறொரு எண்ணமும் இல்லை. ஊருக்கெல்லாம் முறையாக அறிவித்தல் போட்டவருக்கு முறையான ஓர் அறிவித்தல் வேண்டும்.

“மத்தியானத்துக்குள்ளை சொன்னாத்தான் பின்னேரம் வாசிப்பினம்” என்றார் றஊப். “நாளைக்குக் காலமை அடக்கம் எண்டுறியள். உங்கட அம்மான்ர ஆக்கள் வெருகல் பக்கம் இருக்கினம். அந்தப் பக்கத்துக்கு றேடியோவை விட்டா வேறை வழி இல்லை. ஓடிப்போய் அம்மாவைக் கேட்டுக்கொண்டு வாங்கோ. நான் லைனுக்கு அடிச்சுக்கொண்டிருக்கிறன்.”

சந்தியில் ஆமிக்காரன் சைக்கிளை மறித்தான். “அப்பா செத்தது” என்றாள். அவனுக்கு அந்த அளவு தமிழ் தெரிந்திருந்தது. கையை அசைத்துப் போகவிட்டான்.

வீட்டு வாசலில் மாமன் பேணாட் கதிரைகளை வரிசையாக்கிக்கொண்டு நின்றார். பேணாட் அம்மாவின் தமையன், கோவில் மூப்பர். சாவு வீடுகளில் செபம் சொல்லிக்கொடுப்பவர் அவர்தான். தங்கச்சி இன்பமலர் இக்னேசியசைக் கட்டிய அன்று கோவிலுக்கு வராதவர். அதற்குப் பிறகும் மச்சான் என்று வாயால் கூப்பிட்டதில்லை. “அந்தாள்” என்பார், இல்லாவிட்டால் “உன்ர கொப்பர்” என்பார். ஆனால் இன்று விடிந்ததும் முதல் வந்து நின்றவரும் அவர்தான். சவப்பெட்டி, பந்தல், வெள்ளைக்கொடி எல்லாம் அவர் பொறுப்பு.

“சொல்லியாச்சோ?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை, மாமா.”

அவள் நிற்காமல் உள்ளே போனாள். அம்மா தலைமாட்டில் இருந்தாள். சுற்றிவர இருந்த பெண்கள் கிறேசைக் கண்டதும் அழுகையைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அவள் குனிந்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

“ஒருக்காக் குசினிக்கு வாங்கோ.”

“இப்ப எழும்பக்கூடாது பிள்ளை” என்றாள் ஒருத்தி.

அம்மா எழும்பி வந்தாள். குசினியில் அடுப்பு அவிந்து கிடந்தது. சாவு வீட்டில் உலை வைப்பதில்லை. பக்கத்து வீட்டு மைமூனாதான் காலையிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவருகிறாள். கிறேஸ் கதவைச் சாத்தினாள்.

“அப்பான்ர அப்பா ஆர்?”

அம்மா கழுவிய கோப்பையை எடுத்துத் திரும்பவும் கழுவினாள். “இப்ப ஏன் அது?”

“அறிவித்தலுக்கு.”

“தெரியாது.”

“தெரியாதெண்டா?”

“அவருக்கே தெரியாது, பிள்ளை. எனக்கு என்னெண்டு தெரியும்?”

கிறேஸ் உரலின் மேல் இருந்துவிட்டாள். அம்மா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, சந்தைக்குப் போய்வந்த கதை சொல்லுகிற குரலில் சொன்னாள்.

“யப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்கு ஊரெல்லாம் கந்தளாய்ப் பக்கம் ஓடினதெல்லோ. பிறகு சனம் கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பி வந்திது. டொக்யாட் மதிலடியிலை ஒரு பெடியன் நிண்டிருக்கிறான். நாலைஞ்சு வயசு. ஓடினவையோடை போய் வந்ததோ, போகாமலே நிண்டதோ, ஒருத்தருக்கும் தெரியாது. ஆர்ர பிள்ளை எண்டு கேட்டா வாய் திறக்கிறதில்லை. கன நாளா வாய் திறக்கேல்லையாம். அந்த வெள்ளைக்காரன்தான் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனவன்.”

“பிக்னெல்லோ?”

“ஓம். ஸ்ரோருக்குள்ளை கயித்துக் குவியலுக்கு மேலை படுக்க வைச்சவனாம். தன்ர பாணிலை பாதி குடுப்பானாம். பின்னேரத்திலை வேலை முடிஞ்சா இவரைப் பக்கத்திலை இருத்திவைச்சுத் தன்ர ஊரைப் பற்றிக் கதைப்பானாம். தாயைப் பற்றி, சித்தப்பனைப் பற்றி. அவனுக்கும் ஊர் ஞாபகம்தானே. இவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளங்காமலே பாடமாக்கிப்போட்டார். பிறகு மடத்திலை இங்கிலீசு படிக்கேக்கைதான் விளங்கினதாம், உது ஊர்க்கதை எண்டு.”

“அப்ப அல்பிரட் தாத்தா?”

“அவன்ர சித்தப்பன்.”

“எலன் ஆச்சி?”

“அவன்ர அம்மம்மா. எல்லாம் அவன்ர ஆக்கள்தான்.”

கிறேசுக்குக் கோபம் வந்தது. வெட்கம் கெட்ட கோபம். சின்னப் பிள்ளையாய் இருந்தபோது அல்பிரட் தாத்தா கடற்புகாருக்குள் வழி தெரியாமல் நின்றிருப்பார் என்று நினைத்து அழுதவள் அவள். அவருக்காகக் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறாள். யாரோ வெள்ளைக்காரனின் செத்த சித்தப்பனுக்கு! முன்னறைக்குப் போய், துணியை விலக்கி, “ஏனப்பா?” என்று கேட்கவேண்டும் போல இருந்தது.

“யுத்தம் முடிய அவன் கப்பலேறிட்டான்” என்றாள் அம்மா. “போகேக்கை இவரைச் சாமிமாற்ற மடத்திலை விட்டிட்டுப் போனவன். இக்னேசியஸ் எண்டு பேர் வைச்சது சாமி. உனக்கு ஆர் இருக்கினம் எண்டு சாமி கேட்டிருக்கிறார். இவர் அவன்ர ஆக்களைத்தான் சொன்னவர். வேறை ஆரைச் சொல்ல?”

“தாத்தா எண்டு ஏன் சொல்லுவான்?”

“தகப்பன் எண்டு சொன்னா நிறத்தைப் பார்த்திட்டுச் சனம் அந்த இடத்திலையே பிடிச்சிடுமெல்லோ. தாத்தா எண்டா ரெண்டு தலைமுறையிலை கரைஞ்சு போச்சுது எண்டு சமாளிக்கலாம்.” அம்மாவுக்கே சிரிப்பு எட்டிப்பார்த்தது. அதை விழுங்கினாள். “என்னைக் கட்ட முந்தி எல்லாம் சொன்னவர். நான் கேட்டுக்கொண்டுதான் கட்டினனான்.”

“எனக்கு ஏன் நீங்கள் சொல்லேல்லை?”

“அவர் உனக்குச் சொல்ல விரும்பினதைச் சொன்னார். அதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்ல?”

கதவு திறந்தது. பேணாட் நின்றார். எவ்வளவு நேரமாய் நின்றார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, முகத்தில் எழுதியிருந்தது.

“இதுக்குத்தானே எங்கட ஐயா அண்டைக்கே மாட்டன் எண்டு நிண்டவர்” என்றார். “ஆர் எவர் எண்டு தெரியாத ஆளுக்குப் பிள்ளையைக் குடுக்கேலாது எண்டு. அந்தக் காலம் டொக்யாட்டிலை எல்லா ஊர்ச் சனமும் நிண்டது. தமிழனோ, மலையாளியோ, சிங்களவனோ, முஸ்லிமோ...” பின்கதவில் மைமூனா தேத்தண்ணி வாளியோடு நின்றதைக் கண்டு பெரிதாய் இருமினார்.

“ஆராயிருந்தாலும் என்ர மனிசன்” என்றாள் அம்மா.

“நான் இல்லையெண்டு சொன்னனானே? இப்ப அறிவித்தலுக்கு என்ன செய்யிறது? பேசாமல் தாய் தகப்பனை விட்டிட்டு, இன்பமலரின் கணவர் எண்டு தொடங்கச் சொல்லு.”

“அப்பிடிப் போட்டா ஊர் என்ன சொல்லும், மாமா? மற்றவையைப் பார்த்து மரத்திலை காய்ச்சு விழுந்தவரோ எண்டு கேட்டவர் அவர்.”

பேணாட் சால்வையை உதறித் தோளில் போட்டார். அவருடைய மாமனாரின் அறிவித்தலுக்கும் இக்னேசியஸ் அதே கேள்வியைக் கேட்டிருந்தார்.

“என்ர அப்பா அம்மாவைப் போடு” என்றாள் அம்மா.

“என்ன?”

“அவருக்குத் தாய் தகப்பன் எண்டு என்ர அப்பா அம்மாவைப் போடு. எனக்கு மகள் எண்டு வரத் தேவையில்லை. அந்தப் பேர் அவை எனக்குத் தந்த சீதனம் எண்டு இருக்கட்டும்.”

“உனக்கென்ன விசரோ?” பேணாட்டின் குரல் உயர்ந்தது. “அப்ப நீங்கள் ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியே? உதை றேடியோவிலை வாசிச்சா நாளைக்குச் சாமி பூசை வைப்பாரோ?”

மைமூனா வாளியை வைத்துவிட்டுச் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகியது. விடிந்ததிலிருந்து சுற்றியிருந்தவர்கள் அழுததைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது அவிந்த அடுப்படியில் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பேணாட் என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பைகளை எண்ணினார்.

கிறேஸ் எழும்பினாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பொய்யைப் போடவும் மனமில்லை. வெறுமையாய் விடவும் மனமில்லை. மிஞ்சுவது நடந்த உண்மை ஒன்றுதான். அதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் ஐயோ என்பார்கள். ஐயோ என்கிறவர்கள் கூடுதலாய் இருப்பார்கள் என்று அவள் நம்பினாள்.

“பிக்னெல்லின்ர வளர்ப்பு மகன் எண்டு போடப்போறன்” என்றாள்.

அம்மா முகத்தைத் துடைத்தாள். “அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் தன்ர வாயாலை சொன்னதில்லை.”

“வேண்டாமெண்டா சொல்லுங்கோ.”

“உன்ர கொப்பர். உன்ர இஷ்டம்.”

றஊபின் கடையில் லைன் இன்னும் கிடைக்கவில்லை. கிறேஸ் நின்றபடியே சொன்னாள், அவர் எழுதினார். ஹேஸ்ரிங்ஸ், இங்கிலாந்தைச் சேர்ந்த காலஞ்சென்ற வோல்ற்றர் பிக்னெல்லின் வளர்ப்பு மகன்; இன்பமலரின் கணவர்; கிறேசின் தகப்பன்; பேணாட்டின் மைத்துனர். எழுதிக்கொண்டிருந்த கை ஓரிடத்தில் நின்றது.

“வளர்ப்பு?”

“ஓம், நானா. வளர்ப்புத்தான்.” அவள் நடந்ததைச் சொன்னாள். நீட்டாமல் சொன்னாள். றஊப் தன் கதிரைக்கு எதிரே இருந்த, இக்னேசியஸ் வழக்கமாய் இருக்கிற கதிரையை ஒருமுறை பார்த்தார்.

“வெள்ளைக்காரன் செத்திட்டானோ?”

“தெரியாது. இருந்தா நூறு வயசு இருக்குமே?”

“அப்ப காலஞ்சென்ற எண்டே இருக்கட்டும். நீங்கள் போங்கோ, தங்கச்சி. லைன் கிடைச்சவுடனை நான் சொல்லிவிடுறன்.”

பின்னேரம் மின்சாரம் இல்லை. பேணாட் ட்ரான்சிஸ்டர் றேடியோவின் பற்றரிகளைக் கழற்றி வெயிலில் சூடாக்கிப் போட்டார். முன்னறை நிறைந்து, வாசல் நிறைந்து, ஆம்பிளைகள் தெருவில் போட்ட கதிரைகளிலும் இருந்தார்கள். இக்னேசியசின் சாவு வீட்டில் அறிவித்தலைக் கேட்காமல் போக ஒருவருக்கும் மனமில்லை. அது எப்படி இருக்கப்போகிறது என்று பார்க்கவே சிலர் வந்திருந்தார்கள். அதில் பிழையும் இல்லை. அவரே அப்படித்தான் போவார்.

முதலில் கரவெட்டியில் ஒருவர். பிறகு மட்டக்களப்பில் ஓர் ஓய்வுபெற்ற தபாலதிபர், அவருக்குப் பிள்ளைகள் கனடா, ஜேர்மனி என்று நீண்டுகொண்டு போனது.

“திருகோணமலையைச் சேர்ந்த இக்னேசியஸ் அவர்கள் காலமானார்.”

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“அன்னார், ஹேஸ்ரிங்ஸ், இங்கிலாந்தைச் சேர்ந்த காலஞ்சென்ற வோல்ற்றர் பிக்னெல் அவர்களின் அன்பு மகனும், இன்பமலரின் அன்புக் கணவரும், கிறேசின் பாசமிகு தந்தையும், பேணாட்டின் அன்பு மைத்துனரும் ஆவார். அன்னாரின் இறுதிக் கிரியைகள்...”

மிச்சம் கிறேசின் காதில் விழவில்லை. அன்பு மகன். வளர்ப்பு என்று சொல்லவில்லை. தாத்தாவாய் இருந்த வெள்ளைக்காரனை, நாடு முழுக்கக் கேட்க, தகப்பனாகவே ஆக்கிவிட்டார்கள். தெருவில் யாரோ ஒரு பெடியன், “என்னடா, ஐயா இவ்வளவு கறுப்பு...” என்று தொடங்கினான், பக்கத்தில் இருந்தவர் அவன் துடையில் ஒன்று போட்டார். கிறேஸ் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா றேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது இன்னும் ஏதோ சொல்லப்போகிறது என்பதுபோல. அது வேறு ஒருவரின் மரணத்துக்குப் போய்விட்டது.

கிறேஸ் எழும்பி வெளியே வந்தாள். றஊப் பந்தல் காலடியில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார்.

“நானா, நான் சொன்னது என்ன, நீங்கள் சொன்னது என்ன?”

“கோவிக்காதையுங்கோ.”

“பிழையாய்க் கேட்டினமோ?”

“இல்லை. கொழும்பிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் அந்தச் சொல்லைச் சொல்லேல்லை.” றஊப் குரலைத் தாழ்த்தினார். “பாலையூற்றிலை ஒரு அம்மா. பிள்ளை இல்லாமல் ஒரு பெட்டையை எடுத்து வளர்த்தவ. அவ மவுத்தாப் போனபோது அந்தப் பெட்டை தானே எழுதிக்கொண்டு வந்தது, வளர்ப்பு மகள் எண்டு. உங்கட அப்பா வாங்கிப் பார்த்தார். என்ர பேனையைப் பறிச்சு அந்தச் சொல்லை வெட்டினார். ‘தின்னத் தந்தது வளர்ப்புச் சோறோ?’ எண்டு கேட்டார். அந்தப் பிள்ளை உதிலை இருந்து குழறினது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது. அதுக்குப் பிறகு எத்தினை பேர் உந்தச் சொல்லோடை வந்தாலும் வெட்டித்தான் அனுப்புவார். என்னையும் போடவிடமாட்டார்.”

உள்ளே யாரோ றேடியோவை நிறுத்தினார்கள்.

“ஏன் இந்த மனுசனுக்கு அந்தச் சொல்லிலை இவ்வளவு கோவம் எண்டு நான் யோசிச்சிருக்கிறன்” என்றார் றஊப். “இண்டைக்கு நீங்கள் சொல்லத்தான் விளங்கினது. விளங்கினபிறகு அவருக்கு நான் அதைப் போடுறதோ? உங்களைக் கேட்காமல் செய்தது பிழைதான்.”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கதிரை ஒன்றை இழுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே பேணாட் செபமாலையை எடுத்துவிட்டார். பொழுது படமுன் செபத்தை முடித்துச் சனத்தை வீடுகளுக்கு அனுப்பவேண்டும். இருட்டினால் சந்திகளில் மறிப்பார்கள். செபமாலையின் ஐந்து பத்து மணிகளும் விரலுக்குள் ஓடி முடிந்தன. பிறகு குடும்பத்தில் முன்னர் செத்தவர்களைப் பெயர் சொல்லிச் செபிக்கிற இடம் வந்தது. இந்த வீட்டில் அந்த இடம் வரும்போதெல்லாம் பேணாட் தன் தாய் தகப்பனை மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார். மற்றப் பக்கத்தில் சொல்ல யாரும் இருந்ததில்லை. இக்னேசியசும் ஒருநாளும் கேட்டதில்லை, தலையைக் குனிந்துகொண்டு மற்றவர்களோடு சேர்ந்து பதில் சொல்லுவார்.

இன்றைக்கும் பேணாட் தன் தாய் தகப்பனைச் சொன்னார். எல்லோரும் பதில் சொன்னார்கள். அடுத்த மணியில் விரல் நின்றது. அவர் தொண்டையைச் செருமினார்.

“இன்பமலர். மச்சான்ர தகப்பன்ர பேர் என்ன?”

“வோல்ற்றர் பிக்னெல்” என்றாள் அம்மா.

ஒரு எழுத்தும் தடக்காமல், முகத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வெள்ளைக்காரி சொல்வதுபோலச் சொன்னாள். அந்த வாயிலிருந்து கிறேஸ் வேறொரு இங்கிலீசுச் சொல்லும் கேட்டதில்லை.

“வோல்... வோற்றர்...” பேணாட் தடுமாறினார். “திரும்பச் சொல்லு.”

அம்மா திரும்பச் சொன்னாள். இந்த முறை மெதுவாய், ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல இடைவெளி விட்டுச் சொன்னாள்.

“இவருடைய தகப்பன் வோல்ற்றர் பிக்னெல்லின் ஆத்துமத்துக்காக” என்றார் பேணாட்.

அந்த ஆள் கத்தோலிக்க வேதமா, புரட்டஸ்தாந்தா என்று ஒருவரும் கேட்கவில்லை. பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே என்று முன்னறை தொடங்கியது. அது வாசலுக்குப் போய், வாசலிலிருந்து தெருவுக்குப் போனது. தெருவில் கதிரைகள் அரைபடும் சத்தம் கேட்டது. ஆம்பிளைகள் எழும்பி நின்றார்கள்.

கிறேஸ் ஒரு வரி பிந்தித்தான் சேர்ந்துகொண்டாள்.